துப்பாக்கிக்கு இரண்டு கால்

அன்புள்ள கொழுந்தன் கோம்போவுக்கு,

உன் அண்ணி டுல்மா எழுதுவது. குளிர்காலம் நல்லபடியாகக் கழிகிறதா? கோபிப் பாலைவனச் சுரங்கத்தில் நீ தங்கும் அறைக்குக் கணப்பு உண்டா? இங்கே ஆடுகள் சினையாக நிற்கின்றன. உன் அண்ணன் செங்கே நடமாட்டமாக இருக்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு இப்போது எங்களால் ஏற முடிவதில்லை. காரணம் கீழே எழுதுகிறேன். கடிதத்தை லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். துப்பாக்கியைத் தாங்கக் கடையில் கால்கள் விற்கிறார்களே, எதை வாங்குவது? துப்பாக்கியின் அடியில் மாட்டும் இரட்டைக் காலா, தனியாகத் தரையில் ஊன்றும் கவைக்கம்பா? இலையுதிர் காலத்தில் குதிரை தள்ளியதிலிருந்து அண்ணனுக்கு இடது கை சரியில்லை. தேநீர்க் கிண்ணம் பிடித்தாலே தளும்புகிறது. அந்தக் கையில்தானே துப்பாக்கி நிற்க வேண்டும். இதிலெல்லாம் கைதேர்ந்தவன் நீ.

அவசரம் என்னவென்றால், பட்டிக்கு வான்நாய் வருகிறது. கரும்பலகையில் ‘ஓநாய்’ என்று எழுதிப் படம் வரைந்து எத்தனையோ வருடம் பாடம் நடத்தியவள்தான் நான். பெயரைச் சொன்னால் அதற்குக் கேட்டுவிடும் என்று பிள்ளைகள் பயந்தபோது சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பெயரைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. போன குளிர்காலம் மிச்சம் வைத்த ஆடுகள் இவைதாம். இவையும் போனால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு நகரத்து ஓரத்தில் போய் உட்கார வேண்டும். அங்கே உன் அண்ணன் ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டார்.

பக்கத்து முகாம் பல்ஜிர் சந்தையிலிருந்து இரும்புக் கால் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். குட்டைக் கால். படுத்துச் சுடுகிறவர்களுக்கானது. பனியில் படுத்தால் கண்முன்னே காய்ந்த புல்தான் தெரிகிறது. பல்ஜிர் சும்மா இருக்கவில்லை. “துப்பாக்கிக்குக் கால் வாங்கியாச்சு அண்ணே. உங்களுக்குக் கை எந்தக் கடையில வாங்குறது?” என்றார். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கும் உன் அண்ணன், அன்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு அவராகவே இரண்டு கம்புகளைச் செதுக்கிக் குழலின் நுனியோடு தோல்வாரால் இறுக்கிக் கட்டினார். உங்கள் அப்பாவின் பழைய துப்பாக்கியில் அப்படித்தான் இருந்தது. அது தடித்த குழல், இது மெல்லியது. பிடிலின் தந்தியில் விரல் வைத்தால் சுருதி மாறிவிடுகிறதல்லவா, அதுபோலக் குழலை எதுவும் அழுத்தினால் குண்டு போகும் இடமும் மாறும். ஒரு தடவையாவது கல்லைச் சுட்டுக் குறியைச் சரிபாருங்கள் என்றேன். “எங்கப்பா எந்தக் கல்லச் சுட்டுப் பாத்தாரு?” என்று என் வாயை அடைத்துவிட்டார். வான்நாய் வந்தபோது அப்படியே சுட்டார்; குண்டு அதன் பின்னங்காலை உரசிக்கொண்டு போயிற்று.

காயம்பட்டது சும்மா விடாது என்பது உனக்குத் தெரியாததா? துணைகளோடு திரும்பி வந்தது. சிக்னல் கிடைக்கும் அந்த மேட்டிலேயே படுத்துக் கிடக்கின்றன. நம் நாய்கள் இரண்டும் இப்போது இல்லை.

நேற்று மாலை என்னைப் பனியில் மண்டியிடச் சொன்னார். துப்பாக்கியை என் தோள்மேல் வைத்தார். “மூச்ச அடக்கிக்கோ. நீ ஆடுனா நானும் ஆடுவேன்” என்றார். அடக்கினேன். ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை; என்னுடையதா, அவருடையதா என்று தெரியவில்லை. வெடித்தது. ஒரு சினையாட்டை அது இழுத்துக்கொண்டு போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வலது காதில் இன்னும் இரைச்சல் அடங்கவில்லை. இன்றும் மண்டியிட வேண்டும்.

உன் பங்குக் குதிரைகளை விற்றுவிட்டு நீ சுரங்கத்துக்குப் போன நாளிலிருந்து அவர் உன் பெயரை எடுத்ததில்லை. அண்ணன் தம்பி வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

கவைக்கம்பு என்றால் சுடுகிறவரின் அளவு வேண்டும் என்று லாரிக்காரர் சொன்னார். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து தோள்வரை அளக்கலாம் என்று கயிற்றோடு உன் அண்ணன் அருகில் போனேன். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அடுப்பில் ஒரு வறட்டியைப் போட்டார். பிறகு கயிற்றை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி வைத்துவிட்டார்.

“என் அளவு எதுக்கு? அவன் உயரத்துக்குப் பாத்து வாங்கச் சொல்லு.”

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். லாரிக்காரர் வண்டியைச் சூடேற்றத் தொடங்கிவிட்டார். திரும்பி வரும்போது முன்சீட்டில் இடம் இருக்குமாம்.

உன் வழியெல்லாம் பால்போல் வெண்மையாக இருக்கட்டும், தம்பி.

அண்ணி,
டுல்மா