நர்ஸ் பரீட்சை நான் எழுதவில்லை

கீழக்கரை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

அன்பு மகள் மின்ஹாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் நான் நலம், முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. நீயும் மஸ்கட்டில் சுகத்தோடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எழுபத்தொரு வயதில் நான் அமெரிக்காவுக்கு நர்ஸாகப் போகப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நம் தெருவில் ஒரு பேச்சு ஓடுகிறது. உன் காதுக்கும் வந்திருக்கும், கீழக்கரையில் ஒருவர் தும்மினால் மஸ்கட்டில் யர்ஹமுகல்லாஹ் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. டூட்டிக்கும் தூக்கத்துக்கும் நடுவே நேரமில்லை, என் அமெரிக்க நர்ஸ் பரீட்சைக்குப் பயிற்சி தரும் மூன்று கம்பெனியின் இலவச வகுப்பையும் பார்த்து எது தேறும் என்று நீங்களே சொல்லுங்க உம்மா என்று நீ கேட்டாய், நான் பார்த்தேன், அவ்வளவுதான். தவறு ஒன்று என் மேல் உண்டு. படிவத்தில் பெயர் கேட்ட இடத்தில் என் பெயரையும் வயது கேட்ட இடத்தில் என் வயதையும் எழுதினேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுத வேண்டும் என்றுதான் கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக் காலிதா சுவரோரம் நின்று போனில் ஓடும் வகுப்பைக் கேட்டுவிட்டு, என்ன லாத்தா, சிறுநீரகமெல்லாம் படிக்கிறிய, விசா வந்துருச்சா என்றாள். வரட்டும், உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன், அங்கனயும் சுவர் இருக்குமாம் என்றேன். அதை அப்படியே நம்பி நாலு வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

முதல் கம்பெனி உன் அறைத்தோழிகள் எல்லாரும் சேரப்போவது, போன முறை நீயும் அவர்களோடு சேர்ந்தது. தேர்ச்சிக்கு உத்தரவாதம், தேறாவிட்டால் கட்டணம் வாபஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சின்ன எழுத்தை நான் கண்ணாடி மாற்றிப் போட்டு வாசித்தேன். ஒரு வகுப்பும் விடாமல் வந்து, இரண்டாயிரம் கேள்வி போட்டு, எல்லா மாதிரித் தேர்விலும் நூற்றுக்கு எண்பது எடுத்த பிறகும் தோற்றவர்களுக்கு மட்டும்தான் வாபஸாம். அப்படிப்பட்ட பிள்ளை எதற்குத் தோற்கிறாள், வெயில் நாளில் மட்டும் நனையாமல் காக்கிற குடை இது. அங்கிருந்து செவ்வந்தி என்ற பெண் நித்தம் பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்கிறாள். ஹமீதா மேடம், உங்களுக்கு எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் என்று கேட்டாள். மாமியாரைப் பன்னிரண்டு வருடம், கணவரை நாலு வருடம் பார்த்தேன் என்றேன். சூப்பர் மேடம், எந்த டிபார்ட்மென்ட் என்றாள். எல்லாம் என்றேன். வயதைச் சொன்னேன், ஏஜ் ஒரு பிரச்சனையே இல்ல மேடம், ஆனா சீட் ரெண்டுதான் பாக்கி என்றாள். ஏற்கெனவே வீடியோவாக எடுத்து வைத்த வகுப்புக்குச் சீட்டு எப்படித் தீரும் என்று கேட்டேன், கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் இடமில்லை என்கிற மாதிரி இருக்கிறது. மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாள், மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடியும் சீட் ரெண்டுதான் பாக்கி.

இரண்டாவது கம்பெனியில் ஆசிரியர் மருந்துகளை ராகம் போட்டுப் பாடுகிறார். நாலு நாளாக மீன் கழுவும்போது பொட்டாசியம் பாட்டு என் வாயில் வருகிறது, பொட்டாசியம் கூடினால் என்ன செய்வது என்பதுதான் வரவில்லை. மூன்றாவதில் பாட்டும் இல்லை உத்தரவாதமும் இல்லை, ஒரு அம்மாள் உப்பில்லாக் கஞ்சி போலப் பேசுகிறாள். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் தவறான பதில்களை ஒன்றொன்றாக எடுத்து, இது ஏன் தவறு என்று சொல்கிறாள். சரியான பதிலைச் சொல்ல எல்லாரும் இருக்கிறார்கள், நம் தவறைப் பொறுமையாகச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது.

அவளுடைய மாதிரித் தேர்வை நானும் எழுதிப் பார்த்தேன், இருபதில் ஆறு. காலிதாவுக்குத் தெரிய வேண்டாம். தவறிய கேள்விகளில் ஒன்றை மட்டும் உனக்கு எழுதுகிறேன். கணவர் இறந்து ஒரு மணி நேரம் ஆன ஒரு வயதான பெண் சுவரைப் பார்த்தபடி பேசாமல் இருக்கிறாள், நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும். உறவினரை அழைக்கச் சொல்வது, மதப் பெரியவரை வரவழைப்பது, அவருக்கு இனி வலியில்லை என்று ஆறுதல் சொல்வது, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்வது. நான் ஆறுதலைத் தேர்ந்தெடுத்தேன். தவறாம். முதல் மூன்றும் நர்ஸ் தன் சங்கடம் தீரச் செய்வது, நாலாவதுதான் அந்தப் பெண்ணுக்காகச் செய்வது என்றாள் அந்த அம்மாள். போனை அணைத்து வைத்துவிட்டேன்.

வாப்பா மவுத்தான அன்று ஊரே வந்து அந்த மூன்று பதிலையும் எனக்குச் சொன்னது. நீ மறுநாள் வந்து இறங்கினாய், லீவு பத்து நாள். நான் வெளியே வராமல் இத்தா இருந்த அறையில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பேசாமல், என் கண்ணாடியை வாங்கித் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாய். நீ போன பிறகு நான் காலிதாவிடம், உம்மாவுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை, அரபு நாட்டுச் சம்பளம் புள்ளையக் கல்லாக்கிருச்சு என்று சொன்னேன். தும்மலே வந்து சேரும் இடத்துக்கு அதுவும் வந்திருக்கும். ஆறு வருடமாக நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எண்பத்தைந்தாவது கேள்வியிலேயே இனிக் கேட்டுப் பயனில்லை என்று கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது, தோற்றுப்போனேன், எனக்கு இதுக்கான மூளை இல்லை, இனி எழுதவா வேண்டாமா என்றே தெரியலை உம்மா என்று போன மாதம் அனுப்பியிருந்தாய். உன் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். மருந்துக் கணக்கில் உனக்கு எவ்வளவு மூளை என்று நான் சொல்ல முடியாது. சுவரைப் பார்த்திருந்த அந்தப் பெண்ணின் கேள்விக்கு மட்டும் நான் தவறு, நீ சரி, அதுவும் ஒரு கோர்ஸும் சேராமல். ஆகவே மூன்றாவதில் சேர்ந்து இன்னொரு முறை எழுது என்பது என் கருத்து.

நீ தோற்றது இங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் பரீட்சைக்குப் படிப்பதாக ஓடும் பேச்சை உன்னிடம்தான் மறுக்கிறேன், தெருவில் மறுக்கவில்லை. மின்ஹா ரிசல்ட் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது ஹமீதா பானு எப்போ பிளேன் ஏறுறாக என்று கேட்கிறார்கள். நீ தேறும் வரை நான் படித்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

பெண் பிள்ளைக்கே வீடு என்ற நம் ஊர் வழக்கப்படி இந்த வீடு உன் பெயரில் இருக்கிறது, அதனால் மாடித் தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறது என்பதை வீட்டுக்காரி என்ற முறையில் உனக்குத் தெரிவிக்கிறேன். வியாழக்கிழமை மஸ்கட் வரும் மதார் கையில் இந்தக் கடிதமும் ஒரு டப்பா தொதல் இனிப்பும் கொடுத்திருக்கிறேன். தொதலை அறைத்தோழிகளுக்குக் கொடு, கோர்ஸை அவர்களிடம் கேட்காதே. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. போனில் கட்டைவிரல் தூக்கிய படமும் குரல் பதிவும் எனக்கு வேண்டாம். எந்தக் கோர்ஸ், எந்தத் தேதியில் பரீட்சை, இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பதில் போடு.

உன் உம்மா,
ஹமீதா பானு