அப்பா போட்ட கூர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருந்தால் அதுவே போதும். போன் போடும்போதெல்லாம் "அழுதியாம்மா?" என்று கேட்கிறாய். இல்லை. அப்பா போனதிலிருந்து மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது, கிள்ளினாலும் தெரியவில்லை. நீ சொன்னபடி அப்பாவின் கத்திகளை எடுத்துக்கொள்ளப் பழம்பொருள் கடைக்காரர் நேற்று வந்தார். முன்னறையில் பரப்பி வைத்தேன், வாங்கிய வரிசையிலேயே தன்னால் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் வாங்கிய டிராகன் தலைக் கத்தி முதலில், பல் பல்லாக, சிவப்புக் கண்ணோடு. என் வீட்டார் முதல்முறை வந்தபோது அதுதான் சுவரில் தொங்கியது, கொடுத்த தண்ணீரைக்கூட உன் தாத்தா தொடவில்லை. பிறகு மடக்குக் கத்திப் பைத்தியம், ஒன்றுக்குள்ளேயே கத்தரிக்கோல், அரம், திருப்புளி என்று ஒரு குடித்தனமே இருக்கும். அதுவும் அலுத்துப்போய் எஃகுக்கு வந்தார். "பிடியில என்ன இருக்கு, இரும்பப் பாரு" என்பார், மினுக்குகிற கத்தியைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். கூர் பார்க்கிறேன் என்று இடது கை முடியை மழித்து மழித்து அந்த இடம் எப்போதும் வழவழவென்று இருக்குமே, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அங்கே முடி முளைத்திருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியில் அவர் மனசுக்குப் பிடித்தது எது தெரியுமா, என் காய்கறிக் கத்திதான். கறுப்பு பிளாஸ்டிக் பிடி, குக்கர் வாங்கியபோது இனாமாக வந்தது. "ஊரெல்லாம் தேடினேன், நல்ல இரும்பு நம்ம அடுப்படியிலயே கெடந்திருக்கு" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு தவறாமல் அதைத்தான் தீட்டினார், மற்றதெல்லாம் அலமாரியில் தூங்கின. கடைக்காரர் எல்லாவற்றையும் துணியில் சுற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். அங்கே கிடந்த காய்கறிக் கத்தியைக் கையில் எடுத்து, கட்டைவிரலை வைத்துப் பார்த்து, "இத யாரும்மா தீட்டினது? இதையும் குடுங்களேன்" என்றார். அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன், பாவம் மனிதர் வெலவெலத்துப் போனார்.

அப்பா போனதிலிருந்து அந்தக் கத்தியால் நான் எதையும் நறுக்கவில்லை. ஒவ்வொரு காய்க்கும் கொஞ்சம் கூர் போய்விடுமே, போனால் திரும்பப் போட ஆளில்லை. பீன்ஸைக் கையால் ஒடிக்கிறேன், வெங்காயத்துக்கு டிராகன். சிரிக்காதே, அது வெட்டுவதில்லை, மிரட்டுகிறது. டிராகனை மட்டும் கடைக்காரரிடமிருந்து திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். உன் கழுத்து வலிக்கு அந்த உயரத் தலையணையைத் தூக்கிப் போடு. லீவு கிடைத்ததும் வா, ஒன்றும் சுமந்துகொண்டு வராதே. நல்ல தக்காளியாக வாங்கி வைக்கிறேன், அந்தக் கத்தியாலேயே நறுக்கலாம். அப்பா போட்ட கூர் அத்தனையையும் நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து தீர்த்துவிடலாம், தனியாக என்னால் முடியாது.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா