ஒன்றிலிருந்து இருபது வரை

அக்டோபர் 8, 1973, திங்கள்

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்று காலையில் உள்ளே இழுத்த வயிற்றை மத்தியானச் சாப்பாடு வரை நான் வெளியே விடவில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் சினிமாக்காரர்கள் மேசை போட்டு ஊர்ப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டலில் இஸ்திரி போட்ட விரிப்புகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். சும்மா என்றால், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு சும்மா. எனக்கு நாற்பத்தாறு வயது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் முறை வந்தபோது மூச்சு விட வழியில்லாமல் முகம் சிவந்து நின்றேன். டைரக்டர் வால்மரின் எழுந்து வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். "இந்தக் கோபம்தான் எனக்கு வேணும்" என்றார். கோபமா? சரி, கோபம் என்றே இருக்கட்டும்.

படத்தில் எனக்கு இஸ்திரிக்காரி வேடம். முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அதைப் பார்க்க ரோமிலிருந்து ஐந்து லாரி வந்திருக்கிறது. பெரிய மனிதர்கள் காரியம் ஒன்றும் புரிவதில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் திருந்தும் என்று தொழிலாளர் மாலை வகுப்பில் சொன்னார்கள். எழுதுவதற்கு இன்றுதான் ஏதோ கிடைத்தது.

அக்டோபர் 9

சவேரியோவிடம் சொன்னேன். என் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ஊரில் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைச் செயலாளரும் அவன்தான். பெண்ணுக்குச் சம உரிமை என்று போன மாதம் மேடையில் அரைமணி நேரம் பேசினான். நான் விஷயத்தைச் சொன்னதும் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"முத்தம் உண்டா?"

"கேட்டுட்டேன். இல்லையாம்."

"யாரு கூட?"

"ஒரு பிரபு. தேர்தல்ல நிக்கிறாரு. கடன்காரங்களுக்குப் பயந்து என் வீட்டுல, காயப்போட்ட விரிப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிறாரு. நான் புடிச்சித் திட்டுறேன். அப்புறம் மனசு எளகுறேன்."

"எந்த அளவுக்கு எளகுற?"

"ஒரு நிமிஷ அளவுக்குன்னு சொன்னாங்க."

"வசனம்?"

"வசனமே கிடையாது. ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் கோவமா எண்ணணும். அப்புறம் இருபதுலேர்ந்து ஆசையா எறங்கணும். பேச்சை அப்புறமா ரோம்ல வேற ஒருத்தி பேசிச் சேர்த்துருவாளாம்."

சவேரியோ யோசித்தான். ஸ்பூனை மறுபடி எடுத்தான். "நம்பர்தானே. நம்பர்ல யாரு என்ன தப்புக் கண்டுபிடிக்க முடியும்?"

அக்டோபர் 16

படம் எடுத்தாயிற்று. பிரபுவாக வரும் நடிகர் ஸ்தோராரிக்கு மூக்கின் தோல் வெயிலில் உரிந்துகொண்டிருக்கிறது. நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாலே பாவம் நடுங்கினார். "சூடா இருக்கா அம்மா?" "தொட்டுப் பாருங்க பிரபு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கோபமாக எண்ணினேன். பதினாலு, பதினைந்து, பதினாறு, பதினெட்டு. வால்மரின் நிறுத்தினார். "பதினேழை விட்டுட்டீங்க." "வேணும்னுதான் சார். பதினேழைச் சொன்னா வீடு விளங்காது." அவர் வடக்கே நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளையாம், ஆனால் கொள்கையில் எங்களை விடச் சிவப்பாம். கோட்டு முழங்கையில் ஓட்டை. தைத்துத் தருகிறேன் என்றேன். ஓட்டையோடுதான் வாங்கினாராம். பதினேழு இல்லாமலே போகட்டும், யாருக்குத் தெரியப் போகிறது என்று மறுபடி எடுத்தார்.

மத்தியானம் எல்லோருக்கும் நீள மேசையில் மக்ரோனி. ஒயின் நல்ல ஒயின். புருஷன்மார்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் என்னவோ சொன்னேன், வால்மரின் சிரித்துப் புரையேறிவிட்டார். பிறகு அதைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். என்ன சொன்னேன் என்று எனக்கே இப்போது நினைவில்லை. எத்தனையோ சொல்கிறேன்.

அக்டோபர் 17

தேதி சரியில்லை. எழுதவில்லை.

மார்ச் 30, 1974, சனி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. ஊரே வந்தது. முன்வரிசையில் கட்சிக்காரர்கள், நடுவில் சவேரியோவும் நானும். கீழ்வீட்டு எர்சீலியா, சவேரியோவின் அக்கா, தலையில் முக்காட்டோடு பின்னால். பங்குச் சாமியார் பார்க்கக் கூடாது என்று சொன்ன படம். பாவம் எது என்று தெரிந்துகொள்ள வந்தாளாம்.

திரையில் என் முகம். வீட்டுக் கதவளவு. என் வாய் திறக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு என்று நான் எண்ணிய இடத்தில் ஏதோ ஒருத்தி, எங்கள் தென்னாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு மூக்கால் பேசுகிறாள்:

"என் புருஷன் கட்சி ஆபீஸ்ல செங்கொடி. கட்டில்ல ஏறினா சாமியார் கட்சி. வெளக்க அணைச்சி, செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்து, எல்லாத்தையும் அடுத்த தேர்தலுக்குத் தள்ளிப்போட்டுருவான். நீ வா பிரபு, ஒன்னை இன்னிக்கே நாட்டுடைமை ஆக்குறேன்."

கொட்டகை இடிந்தது போலச் சிரிப்பு. கிரேன்காரர்கள் நாற்காலியில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சவேரியோ திரும்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லலடா, நான் எண்ணத்தான் செஞ்சேன், ஒண்ணு ரெண்டு மூணுன்னு... யார் காதில் விழும்.

வீட்டுக்கு வந்ததும் சவேரியோ விளக்கை அணைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். பிறகு தான் செய்தது என்ன என்று தெரிந்து, எழுந்து சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் 31

பூசைக்குப் போகும் வழியில் மூன்று பேர் என்னிடம் நாட்டுடைமை எப்போது என்று கேட்டார்கள். கேட்ட மூவரும் கல்யாணமானவர்கள்.

ஒரு சந்தேகம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. அந்த வார்த்தைகள் எனக்குப் புதிதாக இல்லை. அந்த மக்ரோனி மேசை... தேர்தலுக்குத் தள்ளிப்போடுவது... ஐயோ. நான்தானா? குரல் என்னுடையது இல்லை. வாயசைப்பு எண். வார்த்தை மட்டும் என்னுடையதென்றால், அங்கே பேசினது யார்?

ஏப்ரல் 3

சவேரியோ வீட்டை விட்டுப் போய்விட்டான். பெட்டி, சவரக் கத்தி, லெனின் படம். ஒரு மாடி கீழே, அக்கா வீட்டுக்கு. இருமினால் கேட்கிறது.

எர்சீலியா வந்து அவன் சட்டைகளைக் கேட்டாள். வரும் மே மாதம் வாக்கெடுப்பு. விவாகரத்துச் சட்டத்தை எடுத்துவிடலாமா என்று நாட்டையே கேட்கிறார்கள். கட்சி அது இருக்க வேண்டும் என்கிறது. சாமியார்களோடு சேர்ந்து எர்சீலியா அது ஒழிய வேண்டும் என்று வீடு வீடாகப் போகிறாள்.

"கல்யாணம் கடவுள் போட்ட முடிச்சு" என்றாள். "ஆனா ஒன்னை மாதிரி ஒருத்தியை அவன் விட்டுத் தொலைக்கறதுதான் நல்லது."

"அப்போ எங்க பக்கம் ஓட்டுப் போடு."

கதவை அறைந்துவிட்டுப் போனாள். சட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9

மாவட்டக் கட்சியிலிருந்து தோழர் மெனிகினி வந்தார். குட்டை மனிதர், பெரிய கைப்பை. சவேரியோவையும் மேலே கூட்டிவந்து, என் சமையலறையில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்.

"தோழரே, சாமியார் ஞாயித்துக்கிழமை பூசையில என்ன சொன்னாரு தெரியுமா? விவாகரத்துக் கேக்கறவன் தன் பொண்டாட்டியை விட்டு ஓடுறதுக்குத்தான் கேக்கறான், நம்ம ஊர்லயே உதாரணம் இருக்குன்னாரு. அந்த உதாரணம் யாரு?"

"நான் ஓடல. கீழ்வீட்டுலதான் இருக்கேன்."

"ஓட்டெடுப்பு முடியற மே பதிமூணு வரைக்கும் மேல்வீட்டுல இருக்கணும். சந்தோஷமா இருக்கணும். கட்சி முடிவு."

"பதிமூணுக்கு அப்புறம்?" என்று நான் கேட்டேன்.

மெனிகினி என்னை அப்போதுதான் பார்த்தார். "அப்புறம் சட்டம் இருக்கும் அம்மா. அவரவர் இஷ்டம்."

சவேரியோ பெட்டியோடு வந்து சமையலறையில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டான். எனக்காக வந்தானா, கட்சிக்காக வந்தானா? கேட்கவில்லை. பதில் தெரியும்போது எதற்குக் கேட்பது. தெரியுமா? தெரியவில்லை.

ஏப்ரல் 14, ஈஸ்டர்

கட்சி முடிவுப்படி கடற்கரைச் சாலையில் கை கோத்து நடந்தோம். அவன் கை மரக்கட்டை மாதிரி இருந்தது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அதுவும் முடிவில் இருந்ததா என்று கேட்டேன். எலுமிச்சை ஐஸ்கிரீம். எனக்கு அதுதான் பிடிக்கும் என்று கட்சிக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 24

கிளையில் படத்தைப் பற்றி விவாதம் வைத்தார்கள். மூன்று மணி நேரம். நேப்பிள்ஸிலிருந்து வந்த மாணவர்கள் நான் புதிய பெண்ணின் குரல் என்றார்கள். பழைய கிரேன்காரர்கள் தொழிலாளி வர்க்கத்துக்கு அவமானம் என்றார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் காபி கொடுத்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல், "நான் எண்ணத்தான் செஞ்சேன்" என்றேன். ஒரு மாணவன் அது ஆழமான கருத்து என்று கை தட்டினான்.

மே 4, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சவேரியோ வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. பஸ் பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போய், அங்கே ஓடும் அந்தப் படத்தைத் தனியாக, அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் பார்த்திருக்கிறான். வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"காதைப் பொத்திக்கிட்டு பாத்தேன் நுன்சியா. ஒன் ஒதட்டை மட்டும் பாத்தேன். பதினாறு, பதினெட்டு. ஏறும்போதும் தாண்டுற, எறங்கும்போதும் தாண்டுற. நீ எண்ணத்தான் செஞ்சிருக்க."

"ஒரு மாசமா அதைத்தான சொல்றேன்."

"அந்தப் பணக்காரப் பய ஒரு தொழிலாளிப் பொண்ணு வாயில அவன் அசிங்கத்தைத் திணிச்சிருக்கான். கட்சிப் பேப்பருக்கு எழுதப் போறேன். ஊர்க் கூட்டத்துல சொல்லப் போறேன். என்னை மன்னிச்சிரு."

அவன் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்தான், இந்தத் தடவை மரக்கட்டை மாதிரி இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஏன் மூடவில்லை என்று இன்னும் எனக்கே புரியவில்லை. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு அவனை மேடையில் ஏற்ற மனசு வரவில்லையோ? இல்லை, என் தமாஷை அந்த ஓட்டைக்கோட்டுக்காரர் பேரில் எழுதிவிடுவான் என்ற பொறாமையோ?

"எழுதாத. எண்ணினது நான்தான். வார்த்தையும் நான்தான். சாப்பாட்டு மேசையில சொன்னேன். அவரு எடுத்துக்கிட்டாரு."

கையை விட்டான். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அப்போ அது நெசமா?"

"தமாஷுக்குச் சொன்னேன்."

"நான் அதைக் கேக்கல."

அவன் கேட்டது எனக்குத் தெரியும். "கொஞ்சம் நெசம்" என்றேன்.

சவேரியோ தொப்பியை மேசைமேலேயே இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு மெதுவாக, "ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சவேரியோ. மூணு நாலு வாட்டி சொன்னேன். நீ பேப்பர் படிச்சிட்டு இருந்த."

இதற்கு அவன் ஏதாவது கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. "பதிமூணு வரைக்கும் இருக்கேன், குடுத்த வாக்கு. அப்புறம் பாக்கலாம்" என்று மடக்குக் கட்டிலுக்குப் போனான். மடக்குக் கட்டில் கிரீச்சிடுவது விடியும் வரை கேட்டது.

மே 12, ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். சட்டத்தை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆகவே விவாகரத்து வேண்டும் என்கிறவர்கள் 'இல்லை' என்று போட வேண்டும், வேண்டாம் என்கிறவர்கள் 'ஆம்' என்று. இதை வீடு வீடாக நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் திரைக்குப் பின்னால் பென்சிலோடு நின்றபோது தலை சுற்றியது. 'ஆம்' ஜெயித்தால் அவன் என்னை விட்டுப் போக முடியாது. 'இல்லை' ஜெயித்தால் நாளன்றைக்கே போகலாம். என் கையால் நானே கதவைத் திறந்து கொடுப்பதா?

வெளியே, "அம்மா, தூங்கிட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

'இல்லை' மேல் கோடு போட்டேன். பூட்டி வைத்த புருஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

மே 13

'இல்லை' ஜெயித்தது. நாடு முழுக்க. சதுக்கத்தில் ஆடுகிறார்கள். சவேரியோவைத் தோளில் தூக்கியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவன் நிமிர்ந்து நம் ஜன்னலைப் பார்த்தானா, கொடியைப் பார்த்தானா, இந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை.

மே 14, செவ்வாய்

மத்தியானம் சவேரியோ சாப்பிட வந்தான். பட்டாணியும் மக்ரோனியும். பேப்பர் கொண்டுவரவில்லை. நாடே அவன் ஜெயித்ததைப் பற்றி எழுதியிருக்கும் நாளில் பேப்பர் இல்லாமல் வந்தான்.

"கட்சி முடிவு நேத்தோட முடிஞ்சது" என்றான்.

"தெரியும்."

"இனிமே யாரும் என்னை இங்க இருன்னு சொல்ல முடியாது."

"முடியாது."

தட்டைத் தானே எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தான். பிறகு படுக்கையறைக்குப் போய் ஜன்னல் கதவைச் சாத்தினான். பட்டப்பகல்.

"ஹோட்டல் விரிப்பெல்லாம் கெடக்கு" என்றேன்.

"கெடக்கட்டும்."

மூன்று மணி வாக்கில் கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒன்று ஒடிந்தது. எர்சீலியா கீழே இருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். ஹோட்டல் விரிப்புகளை மடித்துக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். மரம் பழசு என்கிறான் சவேரியோ. தச்சர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.