மைனஸ் ஒன்று

ஜூன் 2, செவ்வாய்

மத்தியானம் வெடி வைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஷீட்டில் "உள்ளே இருப்போர்: -1" என்று வந்தது. சுரங்கத்துக்குள் மைனஸ் ஒரு ஆளா! மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "பேய் ஏதாவது வேலைக்கு வந்திருக்கா? ஹெட் ஆபீஸ்லேருந்து பாக்க வர்றாங்கம்மா, அசிங்கமா இருக்கு. சரி பண்ணு." மைனஸ் வந்தால் சைபர் காட்டும்படி ஃபார்முலாவை மாற்றினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3

ஆனாலும் ஏன் மைனஸ்? உள்ளே போன பதிவுகளை எண்ணி, வெளியே வந்ததைக் கழிக்கிறது, அவ்வளவுதான். போனவனைவிட வந்தவன் எப்படி அதிகமாவான்? மண்டையைக் குடைகிறது. மேனேஜரிடம் கேட்டால், "அதான் சரியாயிடுச்சே, விடும்மா."

ஜூன் 5

நான் வாக்கிடாக்கியில் "சைபர்" என்று சொன்னால்தான் சைரன். சைரன் அடித்தால் வெடி. அண்ணன் உள்ளே துளை போடும் கோஷ்டியில் இருக்கிறான். பயமா இருக்குடா என்று அவனிடமே சொன்னேன். "உனக்கு எதுக்குத்தான் பயமில்ல? குழாய்ல தண்ணி நின்னாலே அழுவ." கடன்காரன். இவனிடம் போய்ச் சொன்னேனே.

ஜூன் 9

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

ஷீட் சைபர் காட்டியது. வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய்விட்டேன். அப்போதுதான் அண்ணனின் டிபன் கேரியர் கண்ணில் பட்டது. என் மேஜையில், காலையில் வைத்தது வைத்தபடி. வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் தூக்குவான், கைகூடக் கழுவமாட்டான். ஏன் இன்னும் வரவில்லை? ஐயோ —

"நிறுத்துங்க! சைரன் அடிக்காதீங்க! எங்கண்ணன் உள்ள இருக்கான்!" கத்தினது நான்தானா? மேனேஜர் ஓடி வந்தார். "ஷீட்ல சைபர்தானேம்மா காட்டுது?"

"ஷீட்டு கெடக்குது சார், ஆளக் காணோம் சார்!"

ஆள் அனுப்பினார்கள். கடைசி வளைவில், தண்ணீர் இறைக்கும் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மற்றவர்கள் கிளம்பியதே தெரியவில்லையாம். வெளியே வந்து என்னைப் பார்த்து, "என்ன, என் சாப்பாட்ட நீ தின்னுட்டியா?" என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அழுகைதான் வந்தது.

ஜூன் 10

கேட்டில் பதிவு போடும் வாட்ச்மேனை உட்காரவைத்துக் கேட்டேன். சிகரெட்டுக்கு வருகிறவனுக்கு "வெளியே" என்று தட்டுகிறார். அவன் திரும்பி உள்ளே போகும்போது எதுவும் தட்டுவதில்லை. "இப்பதானே வந்தான், தெரிஞ்ச பையன், அதுக்கு வேற ஒருவாட்டியா?" வேலை முடிந்து வரும்போது மறுபடி ஒரு "வெளியே".

நேற்று அப்படி இரண்டு பேர். உள்ளே போனது பன்னிரண்டு. வந்தது பதினொன்று. ஷீட்டில் "வெளியே" பதின்மூன்று! அண்ணன் உள்ளே இருக்கும்போதே கணக்கு மைனஸ் ஒன்று. அதன்மேல் சைபரை ஒட்டிவைத்தது என் ஃபார்முலா.

ஃபார்முலாவை மாற்றிய நாளிலிருந்து எத்தனை முறை "சைபர்" சொல்லியிருப்பேன்?

ஜூன் 11

சைபரை எடுத்துவிட்டேன். மைனஸ் வந்தால் கட்டம் சிவப்பாகும். அதுவும் போதாது. சிகரெட் குடித்துவிட்டுச் சொல்லாமல் உள்ளே போனவன் அங்கேயே நின்றுவிட்டால்? எந்த ஃபார்முலாவுக்குத் தெரியும்? மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கியாயிற்று: வெடிக்கு முன் வெளியே வருகிற எல்லோரும் என் ஜன்னலைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஜூன் 12

வாட்ச்மேன் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

ஜூன் 16

இன்று மறுபடி மைனஸ் ஒன்று, சிவப்பாக. யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து முகம் முகமாகப் பார்த்தார். பதினொருவர் தட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஷீட்டைப் பார்த்தேன்.

தட்டினான். "கேரியர் எங்க?"

"அங்கதான் இருக்கு, எடுத்துக்கோ," என்றேன் நிமிராமல். அவன் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வாக்கிடாக்கியை எடுத்தேன்.