மூன்று பேர் பாட்டு

குண்டசாலை
12.01.2025

அன்புள்ள கலாராணி அக்காவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமா? போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். மலைத்தீயை அணைக்கப் போன இருளப்பன் மச்சானும் மற்ற இருவரும் செத்து மாசியில் ஒரு வருஷம். நினைவு நாளுக்குத் தோட்டத் தலைவர் பாட்டுக் கேட்டார். அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மானாப்புல்லு மலையெரிய
பச்சக்கெள கையிலேந்தி
போனாங்களே மூணு பேரு
பொழுது சாய வரலையே

வீரய்யா வீசிவிட்ட
பீடித்துண்டு பத்திருச்சே

அன்புத் தம்பி,
ஜெயராஜ்

ஹேவாஹெட்ட
20.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

முதல் நாலு வரியை வாசித்து அழுதேன். லயத்து வீடுகளில் பிள்ளைகள் இப்போதே பாடுகிறார்கள். நேற்று வீரய்யாவின் பெஞ்சாதி தனுஜா வந்தாள். "பொலிஸே அவர விசாரிச்சு விட்டுருச்சு அக்கா. இந்தப் பாட்டு விடாது. எங்க பேரப்புள்ள காலத்துலயும் பாடுவாங்க" என்றாள். வீரய்யா மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம்.

அன்று முதலில் மலையில் நின்றவன் நீ. அவன் பீடி குடித்ததைக் கண்டாயா? அதை மட்டும் எழுது.

அக்கா,
கலாராணி

குண்டசாலை
28.01.2025

அக்கா,

காணவில்லை.

அன்று மாடசாமி பூசைக்குப் பறையடிக்க முன்கூட்டியே ஏறினேன். பனியில் தோல் தளர்ந்திருந்தது. கோயிலுக்குப் பின்னால் புல்லைக் கூட்டிக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினேன். மிதித்து அணைத்தேன். அணைந்தது என்றுதான் நினைத்தேன். புகையைக் கண்டதும் அதே பறையை அடித்து எல்லோரையும் கூப்பிட்டேன். மச்சான்தான் முதலில் ஓடிவந்தார். "நிப்பாட்டாம அடி மாப்ள, இன்னும் ஆளு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாட்டில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. என் பெயரை எழுதக் கை வரவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது அக்கா.

ஜெயராஜ்

ஹேவாஹெட்ட
20.02.2025

ஜெயராஜுக்கு,

நேற்று நினைவு நாள். பாட்டுக்குப் பதிலாக உன் கடிதத்தைக் கோயில் முன்னால் வாசித்தேன். 'மாப்ள' என்ற இடத்தில் என்னால் முடியவில்லை. மீதியைத் தனுஜா வாசித்தாள். பொலிஸில் காட்ட வீரய்யா கடிதத்தைக் கேட்டான். கொடுத்துவிட்டேன். அவர்கள் உன்னைத் தேடி வருமுன் நீயே போய்ச் சொல்.

முதல் நாலு வரியைப் பிள்ளைகள் இன்னும் பாடுகிறார்கள். அவை நல்ல வரிகள். யார் எழுதியது என்று யாரும் சொல்வதில்லை.

இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
இருளப்பன் மனைவி கலாராணி