நிலவறை உள்ள வீடு

1958 பிப்ரவரி 9, ஞாயிறு
இன்றும் அப்பா வீடு பார்க்கப் போனார். உறையூரில். நல்ல காற்று, வற்றாத கிணறு, கொல்லையில் முருங்கை, எல்லாம் இருக்கிறதாம். “நிலவறை இல்ல. வேணாம்” என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி மாட்டினார். கடைச் சரக்கு வைக்க நிலவறை வேண்டுமாம். பெரிய கடைவீதியில் எங்கள் பாத்திரக்கடைக்குப் பின்னாலேயே கிடங்கு இருக்கிறதே? கேட்கவில்லை. கேட்பதற்குள் அம்மா கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

பிப்ரவரி 14
அக்கா நேற்று விடியவிடியச் சிரித்தாள். சிரிப்பு முடிந்தால் கூச்சல். புத்தி தெளியும் என்று குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருந்துவிட்டு வந்தும் இப்படி. இந்தப் புத்தூர் ஸ்டோரில் எட்டுக் குடித்தனம். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் செல்வமேரி என் அம்மாவிடம், “என்னங்க, நேத்து உங்க வீட்டுல கச்சேரியா? டிக்கெட் இல்லாமலே கேட்டோம்” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “சின்னவளும் அவ அக்கா ரெங்கநாயகி மாதிரியே கிடுகிடுன்னு வளர்றா பாருங்க” என்றாள்.
அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.
அக்காவுக்குப் பதினேழில் ஆரம்பித்தது. எனக்குப் பதினான்கு முடியப் போகிறது.

பிப்ரவரி 22
வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். வைகாசி வரைக்கும்தான்.
அம்மா, “மாடி இருக்கற வீடாப் பாருங்களேன். அவ கொஞ்சம் காத்தாட நிப்பா” என்றாள்.
“மாடியில நின்னு கத்துனா மலைக்கோட்டை வரைக்கும் கேக்கும்” என்றார் அப்பா.

மார்ச் 16, ஞாயிறு
 நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.
அம்மா அக்காவை விட்டு வர முடியாது என்று அப்பா என்னை அழைத்துப் போனார். ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகிற சாலையில் பழைய ஓட்டு வீடு. தரகர் சுப்புராமன் வாய் ஓயாமல் பேசினார். “இந்த மாதிரி ஆத்துக்கு நிலவறைதான் மூக்கு மாதிரி. அந்த நாள்ல நகைநட்டெல்லாம் இங்கதான். ஏதாவது அகப்பட்டா நேக்கும் பாதி!” அப்பா சிரிக்கவில்லை.
உள் அறைத் தரையில் ஒரு பலகைக் கதவு. தூக்கினால் படிகள். கீழே பழைய சுண்ணாம்பு வாசனை. அப்பா கையைத் தூக்கினால் கூரை தொடும் உயரம். சுவரில் என் கெண்டைக்கால் உயரத்துக்கு நாலு பக்கமும் ஒரே கோடு. கோட்டுக்குக் கீழே உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது.
தரகர் வெற்றிலை போட வாசலுக்குப் போனதும் அப்பா மேலே ஏறினார்.
“நீ அங்கேயே இரு. நான் மூடறேன். மூடினதும் கத்து.”
“என்னன்னு கத்தறதுப்பா?”
“என்னவோ கத்து. நல்லாக் கத்து.”
மூடினார். கண்ணைத் திறந்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. கத்தினேன். முதலில் அப்பா சொன்னதற்காக. பிறகு நிஜமாகவே. தொண்டை கிழிந்துவிட்டது.
திறந்தார். “கத்துனியா?”
“கத்தினேன்.”
“எனக்குக் கேக்கவே இல்ல” என்றார். எத்தனையோ மாதம் கழித்து அப்பா சிரித்து இன்றுதான் பார்த்தேன்.
சரக்கு கத்துமா? சரக்கு வைக்கிற இடத்தில் ஏன் என்னைக் கத்தச் சொன்னார்?
தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 17
ஒரே ஒரு வழி தோன்றியது. அப்பா சாப்பிடும்போது சொன்னேன். “அப்பா, அங்க சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கு. ஆடியில ஆத்துல தண்ணி வந்தா உள்ள ஊறும்போல. பித்தளையெல்லாம் களிம்பு ஏறிடுமே.”
“அதுல பித்தளை வைக்கப் போறது யாரு?” என்றார். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். “நல்லவேளை சொன்ன.”
வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சமயபுரத்தாளே, சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 20
அக்கா இன்று தெளிவாக இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். “பூரணி, புது வீட்டுல மாடி இருக்காடி?”
“இருக்கு.”
“மலைக்கோட்டை தெரியுமா? உச்சியில விளக்கு?”
“எல்லாம் தெரியும்க்கா.”
“அப்ப அங்க நான் கத்த மாட்டேன்” என்றாள். பின்னலை முடிந்து, குஞ்சத்தை ஒரு இழு இழுத்தாள். சின்ன வயதில் இழுப்பது போலவே.

ஏப்ரல் 2
கணக்குப் பரீட்சை. எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 13
அந்த வீடுதான். முடிந்துவிட்டது.
அழுதேன். அப்பா காலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்ப்பா, அக்காவ அங்க வைக்காதீங்கப்பா என்று கத்தியே விட்டேன். அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.
“யாருக்காகச் செய்யறேன்? நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வாசப்படி மிதிக்க வேணாமா?” என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாக,
“என்ன வள்ளிக்கண்ணு, இவளுக்கும் ஆரம்பிக்குதா?”
அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.
இனி யார் எதிரிலும் அழக் கூடாது. சத்தமாகச் சிரிக்கவும் கூடாது.

மே 4
கொத்தனார் தர்மராஜ் நிலவறையில் வேலை செய்கிறார். செங்கல் ஜல்லி கொட்டி, மேலே தளம் போட்டுத் தரையை உயர்த்துகிறார்கள். நான் சொன்ன கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு சாண்.
நான் சொன்ன கோடு.

மே 25, ஞாயிறு
குடிவந்தோம். பால் காய்ச்சினார்கள். பொழுது சாய்ந்ததும் அக்காவைக் கீழே இறக்கினார்கள். “மாடி இருக்குன்னு சொன்னியேடி, இது இறங்குதே” என்று என்னைக் கேட்டாள். தலையை நிமிர்த்தினாள், கூரையில் இடித்துக்கொண்டாள். அவளால் அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது.
பாய் விரித்துவிட்டு நான் நிமிர்ந்து நின்று பார்த்தேன். எனக்கு இடிக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஐந்து விரல் இடம் இருந்தது.

ஜூன் 19
மேலே ஒரு சத்தமும் கேட்பதில்லை. அப்பா நன்றாகத் தூங்குகிறார். அம்மா தூங்குவதில்லை. பலகைக் கதவின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆடிப்பெருக்கு. வாசலில் காலையிலிருந்து ஒரே கூட்டம். காதோலை, கருகமணி, சித்திரான்னத் தூக்குகள். ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறதாம். அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். “ஒரு சொட்டு ஈரம் இல்ல. பூரணி கண்ணு கண்ணுதான்” என்று என் தலையைத் தடவினார். தடவிய கை ஒரு நிமிடம் நின்றது. “வளந்துட்டியே” என்றார்.
அக்காவுக்குத் தேங்காய்ச் சாதம் கொண்டுபோனேன். உச்சந்தலை முழுக்கச் சுண்ணாம்பு. “வெளியில என்னடி?” என்றாள். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்றேன். “மலைக்கோட்டை தெரியுதா?” தெரிகிறது என்றேன். சாப்பிட ஆரம்பித்தாள்.
அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் நிமிர்ந்து நின்று மறுபடியும் கையை வைத்துப் பார்த்தேன்.
நாலு விரல்.