அம்மா சும்மா இருந்த கதை

அன்புள்ள மாவிஸ் அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக அலாஸ்காவில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் உனக்கு, அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுச் சிவப்புக் கோழி செவ்வாய்க்கிழமை காலை டிரக்கின் ஓட்டுநர் இருக்கையில் முட்டையிட்டது. அந்த வரலாற்றுச் சம்பவத்தை முதலில் கண்டறிந்தவன் அடியேன். கண்ணால் அல்ல, உட்கார்ந்து கண்டறிந்தேன். பேண்ட் இன்னும் காயவில்லை.

இனி முறைப்படி. இங்கே அம்மா நலம், நான் நலம், கோழி ரொம்பவே நலம். அங்கே பனியும் மீன்வாடையும் உன்னை மிச்சம் வைத்திருக்கின்றனவா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இது அம்மாவின் கடிதம்தான், கையெழுத்து மட்டும் என்னுடையது. இடது கையால் பீன்ஸ் கிண்டிக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் சொல்லாததும் நடுநடுவே வரும், கண்டுகொள்ளாதே. ஏன் இடது கை என்று பதறாதே, அந்தக் கதைக்குத்தான் வருகிறேன், முடிவு நல்ல முடிவு, தைரியமாகப் படி.

அம்மாவின் மூட்டு வீக்கத்துக்கு மாதாமாதம் போடும் ஊசி இருக்கிறதே, அதை இரண்டு மாதமாகப் போடவில்லை அக்கா. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றும் வேகவைத்த சாசேஜ் மாதிரி ஆகிவிட்டன, பேனா பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிட்டேன். காரணம், அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை நிறுத்திவிட்டார்கள். புது விதிப்படி அட்டை வேண்டுமானால் மாதம் எண்பது மணி நேரம் ஏதாவது வேலையோ படிப்போ ஊர்ச் சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும். மாவட்ட அலுவலகத்துப் பெண் போனில் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறாள், "ஏதாவது வேலை பாக்குறீங்களாம்மா? சம்பளம் இல்லாததுன்னாலும் சொல்லலாம்" என்று. அதற்கு நம் தாய்க்குலம் சொன்ன பதில், "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி, சும்மாதான் இருக்கேன்." அவ்வளவுதான், அட்டை காலி. உனக்கே தெரியும், நம் ஓடைக்கரையில் அடுத்த வீட்டுக்குச் செய்வதை யாரும் வேலை என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் கூலி கேட்பது மாதிரி ஆகிவிடும். ஒருவருக்கு நாள் முழுக்க உழைத்துக் கொட்டிவிட்டு வந்தாலும் "சும்மா எட்டிப் பாத்துட்டு வந்தேன்" என்பதுதான் இங்கே மரியாதை.

இந்த விதியைத் தொடர்வதா விடுவதா என்று மக்கள் கருத்துக் கேட்க, நம் தொகுதி உறுப்பினர் பிராட்வாட்டர் போன மாதம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டார். கூடைப்பந்து இறுதிப் போட்டிக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அவர் எழுந்து, "தெம்பு இருக்கிறவங்க உழைக்கட்டும், முடியாதவங்களுக்கு அட்டை இருக்கட்டும், இதுல யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார். கைதட்டல். அம்மாவும் தட்டினாள் அக்கா! தட்டிவிட்டு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெர்ன் மாமா எழுந்து, "சுரங்கத்துக்கு என் நுரையீரலைக் குடுத்துட்டு வந்தவன் நான். சோபாவுல சாஞ்சு கெடக்குறவனுக்கு என் வரியில ஊசியா?" என்று இருமினார். கிளினிக் நர்ஸ் டோரீன், "ஊசி போட்டாத்தானே அவன் சோபாவ விட்டு எந்திரிப்பான், வெர்னு" என்றாள். "ஏம்மா, இதை மனசுல வெச்சுக்கிட்டு நாளைக்கு எனக்குத் தடி ஊசியா எடுத்துராத" என்று மாமா சொல்ல, அரங்கமே சிரித்தது.

அப்போதுதான் அக்கா, மைக்குக்குப் போனேன் நான். பெயருக்கேற்ற டக்கர் என்று அன்றைக்குத்தான் நிரூபித்தேன். பேசினேன் பார், கூரைத் தகரம் அதிர்ந்தது. அம்மா செய்யும் காரியங்களை ஒன்றுவிடாமல் அடுக்கினேன், குரலில் ஒரு நடுக்கம் கிடையாது. நான் முடித்ததும் ஐடா பெல் அத்தை கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "வாரத்துல மூணு நாள் என்னை மலையச் சுத்தி டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது யாருன்னு நெனச்சீங்க, தேவதூதனா? ரோவீனாதான்! பெட்ரோலுக்குக் காசு நீட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிறா" என்றாள். பிறகு வெர்ன் மாமா தொப்பியைக் கழற்றி, தரையைப் பார்த்துக்கொண்டே, "படுக்கையில கெடக்குற எங்க ஆர்பன் அண்ணனைக் குளிப்பாட்டி விடுறதும் அவதான்" என்றார். பிராட்வாட்டர் அவசரமாக, "இந்த விதி இவங்கள மாதிரி ஆளுங்களப் பத்தி இல்லீங்க" என்றார். மாமா விடவில்லை, "அப்ப யாரைப் பத்தி? அட்டை போனது இவளுக்குத்தானய்யா!" என்றார். பெயரிலேயே வாட்டர் வைத்திருக்கும் மனிதர், மேசையிலிருந்த வாட்டரை எடுத்துக் குடித்தார்.

ஓரத்தில் மேசை போட்டிருந்த அலுவலகப் பெண் எங்களைத் தேடி ஓடி வந்தாள். "ஏம்மா, போன்ல சும்மா இருக்கேன்னு சொன்னது நீங்கதானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அங்கேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள், அத்தையும் மாமாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அட்டை உயிர் பெற்றுவிட்டது அக்கா! திங்களன்று தபாலில் வந்தது. நேற்று டோரீன் ஊசி போட்டாள், இன்று காலை அம்மாவின் சுண்டுவிரல் கொஞ்சம் மடங்குகிறது, அதற்குள் பத்துப் பேரிடம் மடக்கிக் காட்டிவிட்டாள். விதி என்ன ஆகும் என்று இன்னும் முடிவாகவில்லை. வேடிக்கை என்னவென்றால், உழைக்கச் சொல்வதில் தப்பில்லை என்று அம்மா இன்னும் சொல்கிறாள், வெர்ன் மாமா இப்போது அது அநியாயம் என்கிறார். அன்று ஒரே கட்சியில் இருந்த இரண்டு பேரும் இப்போது தினமும் நம் வீட்டு வாசலில் சண்டை போடுகிறார்கள்.

அம்மா சொல்லச் சொன்னவை: கையுறையை நனைத்துக்கொண்டு வேலை செய்யாதே, இரட்டை ஷிப்ட் பார்க்காதே, காப்பி மட்டும் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று கதை விடாதே. நான் சொல்ல விரும்புவது: ஒவ்வொரு மாதமும் அவள் போனில் மணிக்கணக்குச் சொல்ல வேண்டும், மறுபடி "சும்மா" என்று ஆரம்பித்துவிடுவாள், அதனால் மாதக் கடைசியில் நீ கூப்பிட்டு "வேலை பாக்குறேன்" என்று அவள் வாயால் சொல்லவைத்துப் பழக்கு. நான் பழக்கினால் கரண்டி பறக்கிறது.

கர்த்தர் உன் கூடவே இருப்பாராக, கடல்காற்று உன் நெஞ்சில் ஏறாதிருக்கட்டும், சீக்கிரம் வீடு வந்து சேர்.

உன் அம்மா,
ரோவீனா
(இந்தக் கோணல் கையெழுத்தை அவளே போட்டாள்!)

பின்குறிப்பு: முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கூரைத் தகரம் வந்த இடத்தில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உண்மையை எழுதாவிட்டால் தபால்தலை கிடையாது என்றாள். சரி. மைக் முன்னால் நின்று "எங்கம்மா வந்து" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூக்குச்சளிதான் வந்தது. பள்ளிக்கூடமே பார்க்க ஓவென்று அழுதேன். அம்மா என்னை இழுத்துப்போக மைக் வரைக்கும் வந்தாள், மைக்கை யாரும் அணைக்கவில்லை. "எதுக்குடா அழுவுற? எனக்கு ஒண்ணுமில்ல, வா. விடிஞ்சா ஐடா பெல்ல டயாலிசிஸுக்கு ஏத்திட்டுப் போவணும், ஆர்பனு குளிச்சு ரெண்டு நாளாச்சு, தீயணைப்புப் பசங்களுக்குச் சோளரொட்டி சுடணும், எனக்கு இங்க நின்னு அழ நேரமில்ல" என்று அவள் என் மூக்கைத் துடைத்துக்கொண்டே திட்டியது அரங்கம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அத்தை எழுந்தாள். ஆக, என் சரித்திரப் புகழ் பெற்ற உரை மொத்தம் இரண்டே சொல். இப்போது ஊரில் என்னை யாரும் டக்கர் என்று கூப்பிடுவதில்லை. "டேய், எங்கம்மா வந்து" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீயும் ஆரம்பித்துவிடாதே.